நான்கு பிரதிகளைக் கட்டி மேய்த்தவள்

சின்னவள் வேலை பார்த்த அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. படியேறும்போது ரப்பர் வாடையும் கூடவே ஏறி வரும். மேலே எட்டு மேசைகள், ஒரு தண்ணீர் கேன், சரியாக மூடவும் வராத திறக்கவும் வராத ஒரு சன்னல். சன்னலோரத்து மேசைதான் அவளுடையது. சேர்ந்த நாளிலிருந்து அதே மேசை. நாற்காலி மட்டும் மூன்று முறை மாறியிருந்தது.

பேருந்துப் பணிமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சிறிய நிறுவனம் அது. எந்த ஓட்டுநர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுப்பது, யாருக்கு விடுப்பு, அவருக்குப் பதில் யார் என்பதையெல்லாம் கணக்கிட்டு, வாராவாரம் டியூட்டி சார்ட் அச்சடித்துத் தரும் மென்பொருள். இதை அவளுடைய அக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லும்போது, "ஊருல ஓடுற பஸ்ஸெல்லாம் எங்க சின்னவ சொல்லித்தான் ஓடுது" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி வெகுநாள் சின்னவளை டிரைவர் என்றே நினைத்திருந்தாள். ஒருநாள் மாடிப்படியில் நிறுத்தி, "ஏம்மா, இவ்வளவு மெலிசா இருக்கியே, ஸ்டியரிங் திருப்ப முடியுதா?" என்று கேட்டே விட்டாள்.

"நான் திருப்புறேங்க, அது திரும்ப மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள் சின்னவள்.

அக்கா எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுக்கிறாள். அந்த மெஷினை மிதித்துத்தான் தங்கையைக் கல்லூரி வரை அனுப்பினாள். தங்கையின் வேலையில் அவளுக்கு விளங்கியது கொஞ்சம், பெருமை அதிகம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். முன்னறையில் துணி, பின்னறையில் கம்ப்யூட்டர்.

ஆரம்பத்தில் நிறுவனத்துக்கு வாடிக்கையாக வந்தது மேற்குப் பணிமனை மட்டும்தான். அவர்களுக்காக எழுதிய நிரல் நன்றாக ஓடியது. பிறகு ஆற்றங்கரைப் பணிமனை கேட்டது. அவர்களுக்குச் சார்ட்டை இரண்டு பத்தியாக அடிக்க வேண்டும். அவசரத்துக்கு மேற்கின் நிரலை அப்படியே ஒரு பிரதி எடுத்து, இங்கே தட்டி அங்கே நீட்டிக் கொடுத்தார்கள். அடுத்து மலையடிவாரப் பணிமனைக்கு ஒரு பிரதி. கடைசியாகச் சந்தைப் பணிமனைக்கு ஒன்று. அங்கே வாரம் புதன்கிழமை தொடங்குகிறது. ஏன் என்று கேட்டால், அங்கே எப்போதும் அப்படித்தான் என்றார்கள்.

ஒரே வயிற்றில் பிறந்து நாலு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் மாதிரி ஆயின அந்தப் பிரதிகள். முகஜாடை ஒன்று, புத்தி வேறு. மேற்கில் ஒரு பிழையைத் திருத்தினால் அதே திருத்தத்தை மற்ற மூன்றிலும் செய்ய வேண்டும். அதே வரி அங்கே அதே இடத்தில் இருக்காது. சில சமயம் இருக்கவே இருக்காது. எழுதியவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நான்கையும் தெரிந்தவளாக மிஞ்சியது சின்னவள் ஒருத்திதான். அதனால் பணிமனைகள் கூப்பிடும் போனும் அவளிடமே வந்து சேர்ந்தது. குளிக்கப் போனாலும் அது குளியலறை வாசலில் ஸ்டூலின் மேல் உட்கார்ந்திருக்கும்.

"அந்தப் போனுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சு எங்கேயாச்சும் அனுப்பிடு" என்பாள் அக்கா.

அனுப்புவதற்கும் வழி பிறந்தது. புதிதாக வந்த மேனேஜர், வயதில் அவளைவிடச் சின்னவர், முதல் கூட்டத்திலேயே சொன்னார். "நாலையும் ஒண்ணாக்கிடுங்க மேடம். ஒரே கோடு, ஒரே ரெப்போ, எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும். அது முடிஞ்ச அன்னைக்கு போனைப் புது டீம்கிட்ட குடுத்துட்டு நீங்க ரெண்டு மாசம் லீவுல போங்க. எந்தக் கேள்வியும் கேக்க மாட்டேன்."

ரெண்டு மாசம் என்ற சொல் சின்னவளின் காதில் தேனாகப் பாய்ந்தது. எங்கே போவது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. படுக்க வேண்டும், யாரும் எழுப்பக்கூடாது. அவ்வளவுதான் ஆசை.

ஒன்றாக்குவது லேசில்லை. நிரலில் யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு எல்லா நிறுவனங்களிலும் உண்டு. இரண்டு பிரதிகளை இணைக்கச் சொன்னால் அது முடிந்த மட்டும் தானே இணைக்கும். ஒரே வரியை இரண்டு பேரும் இரண்டு விதமாக மாற்றியிருந்தால் கையை விரித்துவிட்டு, எது வேண்டும் என்று கேட்கும். நாள் முழுக்க அதற்குப் பதில் சொல்வதுதான் சின்னவளின் வேலை. இது மேற்குடையது, இருக்கட்டும். இது ஆற்றங்கரையுடையது, போகட்டும். இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை மாற்றி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பிட என்ன வேண்டும் என்று அக்கா கேட்கும் கேள்விக்குக்கூடப் பதில் வராது.

"எதுவோ ஒண்ணு போடுக்கா. என்னைய எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லாத."

முதலில் மேற்கும் ஆற்றங்கரையும் சேர்ந்து பொது நிரலுக்கு வந்துவிட்டன. மலையடிவாரத்தைச் சேர்க்கும்போதுதான் அவளுக்குக் கொஞ்சம் பயம். காரணம் உண்டு.

மலையடிவாரத்தில் இரவெல்லாம் மலைப்பாதையில் ஏறி இறங்கி விடியும் நேரத்தில் வந்து சேரும் வண்டிகள் இருந்தன. மற்ற பணிமனைகளில் அவை இல்லை. சில வருடங்களுக்கு முன் அங்கே ஓர் ஓட்டுநர் இரவு வண்டியை விட்டு இறங்கிய கையோடு காலை முதல் வண்டியையும் எடுத்தார். வாசலைத் தாண்டுவதற்குள் கண் சொருகி எதிர்ச் சுவரில் கொண்டுபோய் விட்டார். நல்லவேளை, பயணிகள் இன்னும் ஏறவில்லை. அவருக்கு ஒரு கால் போயிற்று. அவருக்கு அந்த டியூட்டியைப் போட்டவர் அங்கிருந்த டைம்கீப்பர். ஆள் பற்றாக்குறை, சார்ட்டில் அவர் பெயருக்கு எதிரே காலியாக இருந்தது, போட்டுவிட்டார். அந்த டைம்கீப்பர் மறுவாரம் டயர் கடை மாடியேறிச் சின்னவளைத் தேடி வந்தார்.

"தங்கச்சி, ராத்திரி வண்டி ஓட்டுனவனுக்குப் பத்து மணி நேரம் வேற வண்டியே போட முடியாத மாதிரி பண்ணிக் குடு. நான் அமுக்கினாலும் விழக்கூடாது. என்னைய நம்பாத. ஆள் இல்லன்னா நான் மறுபடியும் போட்டுருவேன்."

சின்னவள் அன்றே அந்த விதியை மலையடிவாரத்தின் பிரதியில் எழுதினாள். "நான் இருக்கிற வரைக்கும் இது எங்கேயும் போகாதுண்ணே" என்றும் சொன்னாள். அதற்குப் பிறகு மலையடிவாரத்து சார்ட்டில் காலை முதல் வண்டிகளுக்கு எதிரே எப்போதும் இரண்டு மூன்று கட்டங்கள் காலியாகவே வரும். டைம்கீப்பர் அந்தக் கட்டங்களுக்காக ஓய்விலிருப்பவர்களைப் போனில் கூப்பிட்டுக் கெஞ்சுவார், மிரட்டுவார், டீ வாங்கித் தருகிறேன் என்பார். ஆனால் தூங்காதவனை வண்டியில் ஏற்ற முடியாது.

மலையடிவாரத்தை முதல் முறை இணைத்த அன்று மழை. மதியத்துக்குள் ஆற்றங்கரையிலிருந்து போன். சார்ட்டில் இரண்டாம் பத்தி தாளை விட்டே வெளியே போகிறது, பாதி பேருக்குப் பெயர் இருக்கிறது, வண்டி இல்லை. மேனேஜர் ஓடி வந்தார்.

"மேடம், இப்போதைக்கு மலையடிவாரத்த எடுத்துடுங்க. அவங்க கத்துற கத்துல காது போயிடும்."

எடுத்தாள். ஒரே கட்டளை. சேர்த்தது முழுவதும் நீங்கியது, ஆற்றங்கரையின் பத்தி தாளுக்குள் வந்தது. பிறகு பத்தி விலகும் பிழையை மலையடிவாரப் பிரதியிலேயே திருத்தி, அடுத்த வாரம் மறுபடி இணைத்தாள். எந்தச் சிக்கலும் இல்லாமல், ஒரு கேள்விகூடக் கேட்காமல் இணைந்தது. அவளுக்கு அப்போது இருந்த அலுப்பில், கேள்வி கேட்காததே பெரிய உபகாரமாகத் தோன்றியது. அதன் பிறகு சந்தைப் பணிமனையையும் சேர்த்து முடித்தாள். புதன்கிழமையில் தொடங்கும் வாரம் அவளைப் படுத்திய பாடு தனிக் கதை.

திங்கட்கிழமை மீதி இரண்டு பணிமனைகளும் பொது நிரலுக்கு மாறுவதாக முடிவாயிற்று. போக்குவரத்து அதிகாரி வருகிறார், போட்டோ எடுக்க ஆள் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை மத்தியானம், போனை ஒப்படைப்பதற்காக அதன் கண்ணாடியைச் சின்னவள் துணியால் துடைத்துக் கொண்டிருந்தபோது அதுவே அடித்தது. மலையடிவாரத்து டைம்கீப்பர்.

"தங்கச்சி! ட்ரையலுக்கு அனுப்புன சார்ட் வந்துச்சு. உன் கைக்கு வளையல் வாங்கிப் போடணும்!"

"என்னண்ணே, அவ்வளவு சந்தோஷம்?"

"ஒரு கட்டம்கூடக் காலி இல்லம்மா! காலை முதல் வண்டி எல்லாத்துக்கும் ஆள் விழுந்திருக்கு. எத்தன வருஷமாச்சு இப்படிப் பாத்து! இனிமே ஒருத்தன் கால்லயும் விழ வேண்டாம். புது கம்ப்யூட்டர்ல என்னவோ வித்தை பண்ணிட்ட போ."

சின்னவள் போனை வைத்தாள். ஆள் கூடவில்லை, வண்டி குறையவில்லை. பிறகு கட்டம் எப்படி நிரம்பும்? நிரலைத் திறந்து ஓய்வு விதியைத் தேடினாள். இல்லை. வேறு இடத்துக்கு நகர்ந்திருக்குமோ என்று எல்லாக் கோப்பிலும் தேடினாள். எங்கேயும் இல்லை. மாற்றங்களின் வரலாற்றைப் பார்த்தால், மலையடிவாரம் இணைக்கப்பட்டது என்று அழகாக, அவள் பெயரோடு இருந்தது.

பக்கத்து மேசையில் பிழை பார்க்கும் பெண் இருந்தாள். எதற்கெடுத்தாலும் குறை கண்டுபிடிப்பதால் அலுவலகத்தில் அவளுக்கு நொட்டை என்று பெயர். அவளும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக் கொண்டிருந்தாள்.

"நொட்டை, மலையடிவாரத்துக்கு டெஸ்ட் எல்லாம் ஓட்டினியா?"

"ஓட்டினேன்க்கா. எல்லாம் பச்சை. ஒண்ணுகூடச் சிவக்கல. எனக்கே போரடிச்சுது."

"ஓய்வு விதிக்கு ஒரு டெஸ்ட் இருக்குமே, அது?"

நொட்டை தன் திரையை மேலும் கீழும் உருட்டினாள். முகம் மாறியது. "அக்கா... அந்த டெஸ்டே இங்க இல்லையே."

"இருக்காது. ரெண்டும் ஒரே இணைப்புல வந்தது. ஒண்ணாவே போயிருக்கு."

சின்னவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. சேர்த்ததை எடுத்துவிட்டால் சேரவே இல்லை என்றுதான் மனிதர்கள் நினைப்பார்கள். அந்த ஏற்பாடு அப்படி நினைப்பதில்லை. அதன் கணக்கில் மலையடிவாரத்தின் பழைய மாற்றங்கள் ஒரு தடவை உள்ளே வந்தாயிற்று, பிறகு யாரோ தெரிந்தே வெளியேற்றியிருக்கிறார்கள். மறுபடி இணை என்றால், அதற்கப்புறம் புதிதாக எழுதியதை மட்டும்தான் சேர்க்கும். அவள் புதிதாக எழுதியது பத்தியைச் சரிசெய்த சில வரிகள். அது மட்டும் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் அந்த நீக்கத்தை நீக்கிவிட்டு, அதன் பிறகு இணைத்திருக்க வேண்டும். தெரியாத விஷயம் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுப்பதுதான். அன்றைக்கு அது மனதில் எழவில்லை. தூக்கம் இல்லாத ஓட்டுநருக்குச் சுவர் தெரியாமல் போன மாதிரிதான்.

மேனேஜரின் அறைக்குப் போனாள். அவர் அதிகாரிக்குக் காட்டப்போகும் படங்களை வரிசைப்படுத்திக் கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக் கொண்டார்.

"சரி மேடம். அந்த விதி எத்தனை வரி?"

"முப்பது இருக்கும் சார்."

"அதை மட்டும் காப்பி பண்ணி ஒட்டிடுங்க. ஒரு மணி நேர வேலை. திங்கக்கிழமை திங்கக்கிழமையாவே இருக்கட்டும்."

"விதி எனக்கு ஞாபகம் இருக்கு சார், அதனால தேடினேன். அன்னைக்கு எடுத்ததுல நாப்பது கோப்பு போயிருக்கு. மிச்சத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் இல்ல. யார் எதுக்காகக் கேட்டு எழுதினதோ."

"அதையெல்லாம் ஒண்ணொண்ணாப் பாக்க எவ்வளவு நாளாகும்?"

"எடுத்ததைத் திருப்பிக் கொண்டுவரலாம். ஆனா அதுக்கப்புறம் சந்தை வந்து மேல உக்காந்திருச்சு. எல்லாம் மோதும். பிரிச்சுப் பாத்து, நொட்டை டெஸ்ட் பண்ணி... ரெண்டு மூணு மாசம்."

மேனேஜர் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தணித்து, "வரலாற்றுல இணைச்சாச்சுன்னு இருக்கு. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் உங்க மேல தப்பு சொல்ல முடியாது" என்றார்.

"அதான் சார் எனக்குப் பயமா இருக்கு."

"புது டீம் மூணு மாசம் சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க மேடம். வேற ப்ராஜெக்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க. அப்புறம் போன் உங்ககிட்டதான். லீவும் இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு."

சின்னவள் யோசிக்கத்தான் செய்தாள். ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். முப்பது வரி. யாருக்கும் தெரியாது. அந்த எண்ணம் ஒரு தலையணை மாதிரி மெத்தென்று இருந்தது. ஆனால் மீதி முப்பத்தொன்பதில் எந்தச் சுவர் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாமல் அதன்மேல் தலை வைக்க முடியவில்லை.

"திங்கக்கிழமை வேண்டாம் சார். மலையடிவாரமும் சந்தையும் பழைய பிரதியிலயே ஓடட்டும்."

"அதிகாரிகிட்ட நான் என்ன சொல்றது?"

"நான் செஞ்ச தப்புன்னு சொல்லுங்க. அது உண்மைதானே."

அவர் அங்கேயே அதிகாரியைப் போனில் கூப்பிட்டார், ஆனால் அப்படிச் சொல்லவில்லை. சோதனையில் ஒரு குறை கண்டோம், தள்ளி வைக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லி, ஏச்சை அவரே வாங்கிக் கொண்டார். போனை வைத்துவிட்டு, "வீட்ல ஒரு வாரமா என் முகத்தப் பாக்கல. இன்னும் மூணு மாசம் பாக்கலன்னா அடையாளம் கேப்பாங்க" என்றார். சிரிக்க முயன்றார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இனி டைம்கீப்பருக்குச் சொல்ல வேண்டும். சின்னவள் படிக்கட்டு வளைவில் நின்று கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்தச் சார்ட்டை வெச்சிக்க வேண்டாம். கிழிச்சிடுங்க."

"ஏம்மா? அழகா வந்திருக்கே!"

"அதுல ராத்திரி வண்டி ஓட்டுனவங்களுக்கே காலை வண்டியும் போட்டிருக்கு. ஓய்வு விதி அதுல இல்ல. என் தப்புண்ணே. நான் சேத்ததுல விட்டுப்போச்சு."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. அவர் பெயர் பெயராக ஒத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. வெகுநேரம் கழித்து, "ஆமாம்மா. இங்க ஒருத்தன் ராத்திரியும் இருக்கான், காலையிலயும் இருக்கான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் பேரைப் பாக்கல தங்கச்சி. கட்டம் நிரம்பியிருக்கான்னுதான் பாத்தேன்."

"நானும் அப்படித்தாண்ணே பாத்தேன்."

"அப்போ திங்கக்கிழமை?"

"பழைய சார்ட்தான். காலிக் கட்டம் வரும்."

"வரட்டும், வரட்டும். நான் பாட்டுக்குக் கெஞ்சிக்கிறேன். அது எனக்குப் பழகினதுதானே" என்றார். பிறகு, "வளையல் கேன்சல்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜரை, அதிகாரியை, ஆற்றங்கரையின் இரண்டாம் பத்தியை, ஒருவரையும் விடாமல் திட்டினாள். கடைசியில் தங்கையிடம் வந்தாள்.

"அந்த முப்பது வரியை ஒட்டிட்டு வந்திருந்தா இந்நேரம் நிம்மதியாப் படுத்திருப்பல்ல?"

"படுத்திருப்பேன்."

"தூக்கம் வந்திருக்குமா?"

"வந்திருக்கும்க்கா. இப்ப இருக்கிற அசதிக்கு, அந்த டிரைவருக்கு வந்த மாதிரி, எங்க படுத்தாலும் வரும். அதனாலதான் ஒட்டல."

அக்கா அடுப்படிக்குப் போனாள். தட்டில் சாப்பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்தாள். எது வேண்டும் என்று கேட்கவில்லை.

மறுநாள் விடுமுறை. பின்னறையில் வெயில் ஏறியும் சின்னவள் எழவில்லை. அக்கா மெஷினை மிதிக்காமல், கையால் தைக்கும் வேலையாகப் பார்த்து எடுத்துக் கொண்டாள். பத்து மணி வாக்கில் சின்னவள் தானே எழுந்து, முகம் கழுவி, கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

"இன்னைக்குமா?"

"ஒரு சந்தேகம்க்கா. அன்னைக்கு ஒரு தடவை எடுத்தேன். அதுக்கு முந்தி இந்த நாலு பிரதியிலயும் எத்தனை பேர் எத்தனை தடவை சேத்துட்டு எடுத்திருப்பாங்க? எடுத்துட்டு மறுபடி சேத்ததா நினைச்சிருப்பாங்க?"

"எத்தனை?"

"அதைத்தான் தேடப் போறேன்."

பழைய வரலாற்றை அடியிலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை உட்கார்ந்து எழுதிய ஒருவன், சொல்லாமல் கொள்ளாமல் போன ஒருத்தி, எல்லாவற்றுக்கும் 'சின்ன மாற்றம்' என்று மட்டும் குறிப்பு எழுதிய ஒரு புண்ணியவான். அக்கா திரைச்சீலையின் ஓரத்தை மடித்தபடி வந்து கதவோரம் உட்கார்ந்தாள். திரையில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து போகவில்லை.

நண்பகல் தாண்டிச் சின்னவள் உருட்டுவதை நிறுத்தினாள்.

"என்னடி?"

"சந்தையில ஒண்ணு இருக்கு. கர்ப்பமா இருக்கிற கண்டக்டருக்கு நின்னுக்கிட்டே போற வண்டி போடக்கூடாதுன்னு யாரோ எழுதியிருக்காங்க. சேத்து, எடுத்து, மறுபடி சேத்திருக்காங்க. அது உள்ளயே இல்ல. இத்தனை வருஷமா இல்ல."

"அய்யோ. அப்போ இத்தனை நாளும்?"

"தெரியலக்கா. யாரும் கூப்பிட்டுச் சொல்லல. இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே அவங்களுக்கு மறந்து போயிருக்கும்."

அக்கா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "இன்னும் எவ்வளவு இருக்கு பாக்க?"

சின்னவள் திரையின் ஓரத்தில் இருந்த நீளமான பட்டையைப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"நீ சாப்பிடுக்கா. நான் சந்தை முழுக்கப் பாத்துட்டு வர்றேன்."